லோட்டஸ் செவனை வீட்டு கராஜில் மீட்டெடுக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார். பக்கத்து ஊரில் ஒருவரின் கொட்டகையில் 1965-ஆம் ஆண்டு லோட்டஸ் செவன் என்ற இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், இரண்டாம் சீரிஸ், முப்பது வருடமாக நிற்கிறது. பாதி பிரித்துப் போட்டிருக்கிறார்கள், மிச்சம் பெட்டிகளில் கிடக்கிறது. இன்ஜின் 1340 சிசி என்று ஒருவரும் 1500 சிசி என்று இன்னொருவரும் சொல்கிறார்களாம். ஒற்றைக் கார் கராஜில் வைத்துத் தானே சரிசெய்ய முடியுமா, வெல்டிங் தெரியாதே, சேசிஸை, அதாவது காரின் அடிச் சட்டத்தை, புதிதாக வாங்கிவிடலாமா, எதில் தொடங்கி எந்த வரிசையில் செய்வது என்று கேட்கிறார்.

முடியும். 1963-இல் பதிவான ஒரு செவனை வார இறுதிகளில் மட்டும் வேலை பார்த்து ஆறு வருடத்தில் ஓட வைத்தேன். என் கராஜும் ஒற்றைக் கராஜ்தான். இந்தக் கார் மூன்றரை மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும், எடை ஏறக்குறைய 500 கிலோ. மேல்தகடு இல்லாத சட்டத்தை இரண்டு பேர் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம். வீட்டில் செய்ய இதைவிட ஏற்ற பழைய கார் எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் முதல் தடவையும் இது வீட்டில்தான் கார் ஆனது.

அந்தக் கதை வேலைக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-இல் செவனைக் கொண்டுவந்தபோது பிரிட்டனில் புதுக் காருக்குக் கொள்முதல் வரி இருந்தது. அப்போது அது மொத்த விற்பனை விலையில் பாதிக்கும் மேல். முழுக் காராக விற்றால் வரி, உதிரி பாகங்களாக விற்றால் வரி இல்லை. அதனால் செவன்களில் பெரும்பாலானவை சட்டமும் அலுமினியத் தகடும் சேர்ந்த உடல் ஒன்றாகவும், இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, சஸ்பென்ஷன் தனித்தனியாகவும் வாங்குபவர் வீட்டுக்குப் போயின. கூட்டுவது எப்படி என்று எழுதித் தரக் கூடாது என்பது விதி. பிரிப்பது எப்படி என்று எழுதித் தரக் கூடாது என்று விதி சொல்லவில்லை. சாப்மன் பிரிக்கும் குறிப்பைக் கொடுத்தார், வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக் காரைக் கூட்டிக்கொண்டார். 1973 ஏப்ரலில் கொள்முதல் வரி போய் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. அதே ஆண்டில் செவனின் உரிமை கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. உங்கள் முன்னால் இருக்கும் காரில் மூன்று கைகளின் வேலை இருக்கிறது. சட்டத்தையும் தகட்டையும் செய்தவர்களின் கை. 1965-இல் தன் கராஜில் அதைக் கூட்டிய முதல் உரிமையாளரின் கை. அதன்பிறகு வாங்கி, ஓட்டி, இடித்து, ஒட்டுப்போட்டவர்களின் கைகள். சாதாரணக் காரில் மூலம் எது என்று ஒரு புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இதில் ஒயர் போகும் வழி, பிரேக் குழாயின் வளைவு, டாஷ்போர்டின் துளைகள் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். அந்த முதல் உரிமையாளர் போட்ட துளையும் இந்தக் காரின் மூலம்தான். பின்னால் வந்தவர் அடித்த ஒட்டு அப்படியல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும், அதற்கு அவசரப்படாமல் பிரிப்பது ஒன்றே வழி. ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும்போதும் எழுதுங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து போட்டிருந்தார்கள், வாஷர் எத்தனை, எந்த நீளம். படமெடுங்கள், ஆனால் படம் மட்டும் போதாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் எந்தப் பக்கத்துப் படம் என்றே புரியாது. நீங்கள் எழுதும் நோட்டுதான் உங்கள் காருக்கு சாப்மன் கொடுத்திருக்கக் கூடிய குறிப்பு. முப்பது வருடத்துக்கு முன் பிரித்தவர் எழுதி வைக்காததால்தான் இன்று உங்களுக்குப் பெட்டிகளும் குழப்பமும் வந்திருக்கின்றன.

இனி சேசிஸ். பணம் கொடுக்கும் முன் ஒரு முழு நாளை இதற்கே ஒதுக்குங்கள். இன்ஜின் கிடைக்கும், அச்சு கிடைக்கும், விளக்கு கிடைக்கும். இந்தக் காரை இந்தக் கார் என்று சொல்ல வைப்பது அந்தச் சட்டம் மட்டும்தான்.

மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோண முக்கோணமாகச் சேர்த்த கூடு அது. குழாய்ச் சுவரின் கனம் 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. அளவுதான். முதல் சீரிஸில் இருந்த சில குழாய்களை இரண்டாம் சீரிஸில் எடுத்துவிட்டார்கள். அதனால் தரைத் தகடும், பின்னச்சுக்குப் போகும் தண்டை நடுவில் மூடியிருக்கும் டன்னல் தகடும் அழகுக்காக மட்டும் அங்கே இல்லை, சட்டத்துக்கு விறைப்பைக் கொடுப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ரிவெட் தளர்ந்து தகடு ஆடினால் அந்த இடத்தில் குழாயும் நெளிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கும், டார்ச் அடித்துத் தேடுங்கள்.

அலுமினியமும் இரும்பும் ஒட்டி இருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால் முதலில் அரிக்கப்படுவது அலுமினியம். தகட்டின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதன் பின்னால் இருக்கும் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். கீழ்க்குழாய்கள், பின்சக்கரத்துக்கு முன்னால் சேறு அடிக்கும் மூலை, கம்பளத்துக்கு அடியில் டன்னலும் தரையும் சேரும் கோடு, பேட்டரித் தட்டு, இவற்றைக் கட்டாயம் பாருங்கள். சின்னச் சுத்தியலால் குழாயை நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் மணிபோல ஒலிக்கும், உள்ளே துருப் பிடித்தது மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் குத்தூசியை அழுத்திப் பாருங்கள். கூடவே, சஸ்பென்ஷன் கைகள் வந்து மாட்டும் இடங்கள், இன்ஜின் தாங்கிகள், பின்னச்சைப் பிடிக்கும் சட்டம் வந்து சேரும் பிடிகள், இங்கெல்லாம் பெயின்ட்டைச் சுரண்டி லென்ஸ் வைத்து விரிசல் தேட வேண்டும்.

சட்டம் நேராக இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும். சட்டத்தைச் சமதளத்தில் நான்கு தாங்கியின் மேல் வைத்து, இருபுறமும் ஒரே மாதிரி இருக்கிற போல்ட் துளைகளைத் தேர்ந்தெடுத்து, முன்-இடதிலிருந்து பின்-வலது, முன்-வலதிலிருந்து பின்-இடது என்று குறுக்கே அளந்து பாருங்கள். தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து அளப்பது இன்னும் நம்பகமானது. இரண்டு குறுக்களவுக்கும் இடையில் மூன்று நான்கு மி.மீ. வித்தியாசம் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன், இவை கையால் செய்யப்பட்டவை. பத்து மி.மீ. என்றால் கார் எங்கோ பலமாக இடிபட்டிருக்கிறது.

வெல்டிங் விஷயத்தைத் தனியாகவே சொல்ல வேண்டும். இந்தச் சட்டங்களின் மூட்டுகள் வெண்கலக் கம்பியால் பற்றவைக்கப்பட்டவை. மூட்டில் மஞ்சள் நிறமாக ஒரு கோடு ஓடும், பெயின்ட்டைச் சுரண்டினால் தெரியும். அதன் மேலேயே மிக் எனப்படும் மின்சார வெல்டிங் அடித்தால் உருகிய வெண்கலத்தில் இருக்கும் செம்பு சூடான இரும்புக்குள் ஊடுருவி, ஆறும்போது மயிரிழை விரிசலை உண்டாக்கிவிடும். வெளியே பார்க்க அழகான பற்று, உள்ளே உடைந்த மூட்டு. நானே முதல் வருடத்தில் முன்பக்கத் தாங்கி ஒன்றை அப்படிப் பற்றவைத்தேன். மறுவாரம் விரிசல் கண்ணுக்குத் தெரிந்ததால் தப்பித்தேன். தெரியாமல் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பழைய மூட்டில் கைவைப்பதென்றால் வெண்கலம் முழுவதையும் அரைத்து எடுக்க வேண்டும், அல்லது மறுபடி வெண்கலத்தாலேயே பற்றவைக்க வேண்டும். உங்களுக்கு வெல்டிங் தெரியாது என்பதால் இந்த ஒரு வேலையை வெளியே கொடுங்கள். கார் பட்டறையைவிடப் பழைய சைக்கிள் சட்டம் கட்டுபவரிடம் கேட்பது நல்லது, மெல்லிய குழாயும் வெண்கலப் பற்றும் அவருக்கு அன்றாட வேலை. வெட்டுவது, சுத்தம் செய்வது, புதுக் குழாயின் முனையை அரத்தால் ராவிப் பொருத்தி நிறுத்துவது எல்லாவற்றையும் நீங்களே செய்து, பற்றவைப்பதை மட்டும் அவர் செய்தால் செலவு பாதிக்குமேல் குறையும்.

புதுச் சேசிஸ் வாங்கிவிடலாமா என்றால், என் கருத்தில் அது கடைசி வழி. ஏழெட்டுக் குழாய் மாற்ற வேண்டியிருந்தால்கூடப் பழையதையே காப்பாற்றுவேன். மதிப்பு ஒரு காரணம். பதிவேடு இன்னொரு காரணம். பழைய கார்களின் அடையாளத்தைத் தீர்மானிக்கும்போது, வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ, சேசிஸுக்குத்தான் அதிக எடை கொடுத்து வந்திருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், வாங்கும் முன் அவர்களுடைய இன்றைய வழிகாட்டுதலை நேரடியாகப் படித்துவிடுங்கள். காரில் இருக்கும் சேசிஸ் எண்தகடும் வி5சி என்ற பதிவுப் பத்திரத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டும் வேறு என்றால், காரணம் எழுத்தில் கிடைக்கும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். வெட்டி எடுத்த குழாய்த் துண்டுகளையும் எல்லா ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். என்னிடம் ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன.

தகடு கழற்றுவது பொறுமைக்கான வேலை. ரிவெட்டின் தலையை மட்டும் துளைத்து எடுத்து, மிச்சத்தை மெல்லத் தட்டி உள்ளே தள்ளுங்கள். துளையைப் பெரிதாக்கிவிட்டால் அடுத்த அளவு ரிவெட் போட வேண்டிவரும், வரிசையில் அது ஒன்று மட்டும் பெரிதாகத் தெரியும். நெளிந்த பழைய தகட்டைத் தூக்கி எறியாதீர்கள். புதுத் தகடு வெட்ட அதுதான் அச்சு. பெரும்பாலான நெளிவுகளை மரச் சுத்தியலும் மணல் பையும் வைத்து டிங்கரிங் செய்து எடுத்துவிடலாம். அலுமினியம் விறைத்துப் போயிருந்தால் முதலில் சூடுகாட்டி மிருதுவாக்க வேண்டும். இரும்புபோல அது சிவந்து காட்டாது, பார்த்துக்கொண்டே இருக்கும்போது 660 டிகிரியில் உருகி விழுந்துவிடும். அதற்குப் பழைய டிங்கர்களின் உபாயம் ஒன்று உண்டு. தகட்டில் சோப்புக் கட்டியைத் தேய்த்து, கேஸ் டார்ச்சை ஆட்டி ஆட்டிச் சூடுகாட்ட வேண்டும். சோப்புக் கோடு கறுப்பானதும் நிறுத்தினால் தகடு வெண்ணெய்போல வளையும்.

திரும்ப மாட்டும்போது இரும்பும் அலுமினியமும் நேராகத் தொடக் கூடாது. சட்டத்துக்கு எபாக்ஸி ப்ரைமரும் அதன் மேல் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட்டும் அடித்து, தகடு உட்காரும் கோடு முழுவதும் சீலன்ட் இழுத்து, அது ஈரமாக இருக்கும்போதே ரிவெட் அடித்துவிட வேண்டும். பவுடர் கோட்டிங் சுலபமாயிற்றே என்று பலரும் சொல்வார்கள். நான் அதற்கு எதிரானவன். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் ஒரு கல் பட்டுச் சின்னதாகப் பிளந்தால் நீர் அதற்கடியில் ஊர்ந்து போய்த் துரு பரவும், மேலே ஒன்றும் தெரியாது. விரிசல் வந்தாலும் அந்தத் தோல் மூடி மறைத்துவிடும். விரிசலைக் காட்டிக்கொடுக்கும் பெயின்ட்தான் இந்த மாதிரிச் சட்டத்துக்கு நல்லது.

பின்னச்சு ஸ்டாண்டர்ட் கம்பானியன் என்ற சிறிய குடும்பக் காரிலிருந்து வந்தது. அதைப் பிடித்து வைத்திருக்கும் ஏ வடிவச் சட்டத்தின் நுனி, அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃபரன்ஷியல் கூட்டின் அடியில் மாட்டுகிறது. அந்தக் கூட்டை வடிவமைத்தவர்கள் இப்படி ஒரு இழுப்பை எதிர்பார்க்கவில்லை. வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கூடு நெளிகிறது, மூட்டில் எண்ணெய் கசிகிறது, அந்த எண்ணெய் நேராக அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் விழுந்து அதைக் கெடுக்கிறது. கசிவுக்கு கேஸ்கெட் மாற்றி மாற்றிப் பலர் வருடங்களை வீணாக்கியிருக்கிறார்கள். கூட்டை வலுப்படுத்தும் பட்டையைப் பற்றவைத்தால்தான் கசிவு நிற்கும். மூலத்துக்கு விரோதம் என்று சிலர் சொல்வார்கள். என் காரில் நான் போட்டிருக்கிறேன், உங்கள் காரிலும் போடச் சொல்வேன்.

முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்கம்பம் ட்ரையம்ஃப் ஹெரால்டுடையது. அதன் அடிமுனை மரையாக இறங்கி, ட்ரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங் திரும்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, ஈபி 90 கியர் எண்ணெய்தான் செலுத்த வேண்டும். கிரீஸ் கெட்டியாகி உட்கார்ந்து, கீழே ஈரம் புகுந்து, மரை துருப்பிடித்து, ஒருநாள் கம்பம் மரை தொடங்கும் இடத்தில் உடைந்து சக்கரம் மடிந்துவிடும். முப்பது வருடம் நின்ற காரில் பழைய கம்பத்தை நம்பாதீர்கள், ட்ரனியனோடு சேர்த்துப் புதிதாகவே போடுங்கள். ஒரு பக்கத்துக்கு இடதுமரை, மறுபக்கத்துக்கு வலதுமரை. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஃபோர்டின் இந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் பிரிட்டன் முழுக்க இருக்கிறார்கள். 1340 என்றால் அது 109ஈ ரகம், கிராங்குக்கு, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுக்கு, மூன்று பேரிங். 1500 என்றால் 116ஈ, ஐந்து பேரிங். இரண்டுக்கும் சிலிண்டர் துளை அதே 80.96 மி.மீ. என்பதால் மேலே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சம்ப்பை, அதாவது இன்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டை, கழற்றி மெயின் பேரிங் மூடிகளை எண்ணுங்கள். மூன்று என்றால் அதை வேகமாகச் சுழற்றும் ஆசையை விட்டுவிடுங்கள், அதன் கிராங்க் வளையும். எதுவானாலும் சாவியைத் திருகும் முன் ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்து ஹெட் இது, அந்த ஈயம்தான் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. லேத் பட்டறைக்குப் போகும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டிப்படுத்திய சீட் போட்டுவிடச் சொல்லுங்கள். எரிபொருள் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் என்பது ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது.

மூக்கும், சக்கரத்தை மூடும் இறக்கைகளும் ஃபைபர் கிளாஸ். நட்சத்திரம்போல் விரிசல் ஓடியிருக்கும், அதன் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு குளிர்காலத்தில் திரும்ப வெளியே வந்துவிடும். விரிசலை வி வடிவத்தில் கீறித் திறந்து, பின்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, அங்கே கண்ணாடி இழைப் பாயையும் ரெசினையும் வைத்துக் கட்டிய பிறகுதான் முன்பக்கத்தை நிரப்ப வேண்டும். கராஜ் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் ரெசினைத் தொடாதீர்கள், சரியாக இறுகாது. இறுகிய பிறகும் சில வாரங்கள் விட்டுவைத்து, சுருங்குவது எல்லாம் சுருங்கி முடிந்ததும் பெயின்ட்டுக்குப் போங்கள். ஃபைபர் கிளாஸில் மின்சாரம் ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். இறக்கையில் இருக்கும் விளக்குக்கு எர்த் ஒயர் தனியாகச் சட்டம்வரை வர வேண்டும். இந்தக் கார்களில் இண்டிகேட்டர் மினுக்காமல் மங்கினால் பத்தில் ஒன்பது தடவை அதுதான் காரணம். ஒயரிங் கட்டை முழுசாகவே புதிதாக வாங்கிவிடுங்கள், இத்தனை வருடப் பழைய ஒயர் உறையில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். அறுபதுகளின் பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள், நனைத்துத் துடைத்துப் பையில் கட்டுங்கள். பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த வகை உண்டு. அது படிந்த இடத்தில் வெல்டிங் சூடு பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். பற்றவைக்கப் போகும் குழாயை அதைக் கொண்டு துடைக்காதீர்கள்.

வரிசை எது என்று கேட்டிருந்தீர்கள். சட்டம் சரியானதும் பெயின்ட் அடிக்காமலேயே காரை முழுக்க ஒருமுறை கூட்டுங்கள். இன்ஜின், அச்சு, ஸ்டியரிங், பிரேக் குழாய், இறக்கைத் தாங்கி, சீட், கடைசி ஸ்விட்ச்வரை. எந்தத் துளை போட வேண்டுமோ, எந்தத் தாங்கியை ராவ வேண்டுமோ, எல்லாம் அப்போதே நடக்கட்டும். பிறகு மறுபடி முழுக்கப் பிரித்து, பெயின்ட் அடித்து, மறுபடி கூட்ட வேண்டும். இரட்டை வேலை என்று தோன்றும். நான் முதலில் அதைத் தவிர்க்கப் பார்த்து, புதுப் பெயின்ட்டில் பதினோரு துளை போட்டுப் பிறகு அழித்துத் திரும்ப அடித்தேன். கூட்டும்போது போல்ட்டுகள் அங்குல மரை என்பதை மறக்காதீர்கள். மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும், முனையைத் தேய்த்துவிடும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள், புதிது போடுங்கள்.

நாற்பது வருடம் கடந்த, பெரிதாக மாற்றப்படாத காருக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் சாலையில் இறக்கும் முன் நீங்களாகவே ஒருமுறை கொண்டுபோங்கள். உங்கள் வேலையை உங்கள் கண்ணே பார்த்தால் போதாது. முதல் ஐம்பது மைல் ஓட்டியதும் சஸ்பென்ஷன், ஏ சட்டம், ஸ்டியரிங் போல்ட்டுகள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். ரிவெட் வரிசைகளையும் விரலால் தடவிப் பாருங்கள்.

இப்போதைக்கு ஒரு டார்ச், சுத்தியல், குத்தூசி, அளவு நாடா, தூக்குக்குண்டு எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போங்கள். குறுக்களவு இரண்டும், எண்தகட்டின் படமும், டன்னல் ஓரத்தின் படமும் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள். எந்தக் குழாய் மாற்ற வேண்டும் என்று சேர்ந்து பார்க்கலாம்.